தொடை இடுக்கு வலி, இடுப்புக்கூட்டு வலி: கைரோபிராக்டரா, பிசியோதெரபியா, ஊசியா?

படுக்கையில் புரண்டால் இடுப்புக்குப் பின்னால் குத்துகிறது. காலுறை போடக் காலை மடக்கினால் தொடை இடுக்கில் சுரீர் என்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், மாத்திரையும் தீர்ந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. இந்தக் கட்டத்தில்தான் பலரும் முழிக்கிறார்கள். கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் தள்ளிச் சிகிச்சை செய்பவர்) போய் நெட்டி எடுத்துக்கொள்வதா, பிசியோதெரபிக்குப் போவதா, ஊசி போட்டுக்கொள்வதா, இல்லை பேசாமல் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதி வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு நீடித்த பலன் தருவது சரியான பயிற்சி. கையால் செய்யும் சிகிச்சை, அதாவது கைரோபிராக்டிக்கோ மற்றவையோ, சில வகை வலிகளில் அந்தப் பயிற்சியைத் தொடங்குவதற்கு நல்ல உதவி. வேறு சில வகைகளில் அது வீண் செலவு. இன்னும் சிலவற்றில் ஆபத்து. ஆகவே, யாரிடம் போவது என்பதற்கு முன்னால், எந்த வலி என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

## வலி எங்கிருந்து வருகிறது

தொடையும் அடிவயிறும் சேரும் அந்தக் கையகல இடத்துக்குள் தசை, மூட்டு, நரம்பு, குடல், சிறுநீர்ப்பை, இனப்பெருக்க உறுப்புகள் என்று எல்லாமே நெருங்கிக் கிடக்கின்றன. ஒன்றின் வலி இன்னொன்றின் இடத்தில் தெரியும். விளையாட்டு வீரர்களின் தொடை இடுக்கு வலிக்கு மட்டும் மருத்துவர்கள் ஒரு காலத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். 2014-ல் தோஹாவில் நிபுணர்கள் கூடி அதை ஒழுங்குபடுத்தினார்கள். உள்தொடைத் தசையிலிருந்து வருவது, காலை மேலே தூக்கும் இலியோசோவாஸ் தசையிலிருந்து வருவது, குடலிறக்கம் ஏற்படும் வழியான இங்குவினல் பகுதியிலிருந்து வருவது, இடுப்பெலும்புகள் முன்பக்கம் சேரும் இணைப்பிலிருந்து வருவது என்று நான்கு வகை. இவற்றோடு, இடுப்பு மூட்டிலிருந்து வருவது தனி. மற்ற காரணங்கள் எல்லாம் அதற்கு அடுத்த கூடையில்.

வீட்டிலேயே ஓரளவு ஊகிக்க முடியும். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு பந்தை வைத்து அழுத்தினால் உள்தொடையில் பழைய வலி அப்படியே வருகிறதா? உள்தொடைத் தசையைச் சந்தேகிக்கலாம். காலை மடக்கி உள்பக்கம் திருப்பினால் தொடை இடுக்கின் ஆழத்தில் வலித்து, மற்ற காலைவிடக் குறைவாகத் திரும்புகிறதா? இடுப்பு மூட்டு. இருமினாலோ முக்கினாலோ வலித்து, நின்றால் ஒரு புடைப்பு தெரிந்து, படுத்தால் மறைகிறதா? குடலிறக்கம்.

இடுப்புக்குப் பின்னால், பிட்டத்தின் மேல் பகுதியில், ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் சாக்ரோஇலியாக் மூட்டாக இருக்கலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம் அது. படுக்கையில் புரளும்போது, மாடிப்படி ஏறும்போது, ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றும்போது வலி கூடும். உட்கார்ந்தால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், அல்லது பெண்ணுறுப்புக்குள் எரிச்சலும் அழுத்தமும், கூடவே அடிக்கடி சிறுநீர் வருவதுபோன்ற உணர்வு, உறவின்போது வலி என்றால் இடுப்புத்தளத் தசைகளை, அதாவது சிறுநீர்ப்பையையும் குடலையும் அடியிலிருந்து தாங்கும் தசைகளை, பார்க்க வேண்டும். அடி முதுகின் மேல்பகுதி நரம்புகள் அழுத்தப்பட்டாலும் வலி தொடை இடுக்குக்குத்தான் இறங்கும். சிறுநீரகக் கல்லும் அப்படியே.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்த வலியும் இல்லாத 45 பேரின் இடுப்பு மூட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், மூட்டுக்கிண்ண விளிம்புக் குருத்தெலும்பான லேப்ரத்தில் கிழிசல் 69 சதவீத மூட்டுகளில் இருந்தது. அவர்களின் சராசரி வயது 38-க்கும் கீழே. ஆக, அறிக்கையில் 'லேப்ரல் கிழிசல்' என்று எழுதியிருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. கையால் சோதித்துப் பார்த்ததும் ஸ்கேன் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

## ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலைமைகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கைரோபிராக்டர், பிசியோ எல்லாம் அப்புறம். முதலில் மருத்துவமனை.

- திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலி, வீக்கம், வாந்தி. விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும்.
- குடலிறக்கப் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலித்து, வாந்தி வருவது.
- மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலி, மயக்கம், இரத்தக் கசிவு. கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம்.
- சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது.
- காய்ச்சலோடு இடுப்பு மூட்டு வலி, காலை ஊன்றவே முடியாத நிலை.
- நீண்டதூரம் ஓடுகிறவருக்கு, ஓட்டத்தைக் கூட்டிய சில வாரங்களில் தொடை இடுக்கில் ஆழமான வலி, நொண்டல். தொடை எலும்பின் கழுத்தில் நுண்முறிவு இருக்கலாம். இதை அழுத்தவும் திருப்பவும் விட்டால் முழு முறிவாக மாறும். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமலேயே போவதுண்டு.
- வளரும் பருவப் பிள்ளை நொண்டுவது. தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம். இதில் ஒரு சூது உண்டு. பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்றுதான் சொல்லும்.

இவை அவசரம். அவசரமில்லை, ஆனால் கட்டாயம் மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற வகையும் இருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் படுத்தாலும் குறையாத வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக இடுப்பெலும்பு வலி, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் தொடை இடுக்கு வலி ஆகியவை அதில் சேரும். 45 வயதுக்குள் தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்து, நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடும் பின்இடுப்பு வலியையும் இங்கேயே சொல்ல வேண்டும். அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம், அதற்கு வேண்டியது மருந்து. பல ஆண்டுகள் 'இடுப்புப் பிடிப்பு' என்று நெட்டி எடுத்துக்கொண்டே காலத்தைக் கழித்தவர்கள் இந்த வகையில் நிறைய.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயமல்ல இது. நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

வலியின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் திறமையும் அனுமதியும் அவரிடம் இருக்கிறதா? உங்கள் வகை வலிக்கு அந்தச் சிகிச்சை பலித்தது என்று சொல்ல ஆய்வு இருக்கிறதா? பொதுவாக 'நல்லது' என்ற பேச்சு இங்கே போதாது. என்ன கெடுதல் வரலாம், யாருக்கு வரும்? முதல் நாள் கட்டணத்தை விட்டுவிட்டு, முடியும்வரை ஆகும் மொத்தச் செலவும் நேரமும் எவ்வளவு? கடைசியாக, சிகிச்சையை நிறுத்திய பிறகு என்ன ஆகிறது? இந்த ஐந்தில் கடைசியைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். போகாமல் விட்டால் பத்து நாளில் பழைய வலி திரும்புகிறது என்றால், நீங்கள் வலியை வாடகைக்கு அடக்கி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

## காத்திருந்து பார்ப்பது

விளையாடும்போது சட்டென்று பிடித்த தசைக்கு, பாரம் தூக்கிய மறுநாள் வந்த வலிக்கு, இதுவே முதல் தேர்வு. லேசான தசைக் கிழிசல் இரண்டு மூன்று வாரத்தில் நடமாட்டத்துக்கு வழிவிடும். வலி கூடாத அளவுக்கு நடக்கலாம், ஓட்டத்தையும் உதைப்பதையும் நிறுத்தலாம், சில நாளில் மெதுவாக பந்தை அழுத்தும் பயிற்சியைத் தொடங்கலாம்.

செலவில்லை என்று தோன்றும். ஆனால் இதிலும் மறைந்திருக்கும் விலை உண்டு. முழு ஓய்வெடுத்த தசை பலமிழக்கிறது. வலி போனதும் நேராக மைதானத்துக்குத் திரும்புகிறவருக்கு மறுபடி அதே இடத்தில் பிடிக்கிறது. உள்தொடைத் தசை இப்படி மூன்று நான்கு முறை அடிபட்டபின் வரும் நாள்பட்ட வலி, முதல் முறை வந்ததைவிடப் பிடிவாதமானது. ஆறு வாரம் தாண்டியும் வலி குறையும் போக்கே தெரியவில்லை என்றால் காத்திருப்பதை விட்டுவிட வேண்டும்.

## கைரோபிராக்டிக்

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கிவைத்த முறை இது. முதுகெலும்புக் கண்ணிகள் விலகுவதால்தான் நோய்கள் வருகின்றன, அவற்றைச் சரியான இடத்தில் வைத்தால் உடல் தானே குணமாகும் என்பது அவருடைய கொள்கை. இன்றைய மருத்துவ அறிவு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பே 2010-ல், 'சப்லக்சேஷன்' எனப்படும் அந்த விலகல் நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது.

கொள்கை தவறு என்பதால் கை வேலையும் வீண் என்று ஆகிவிடாது. இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இடுப்புக்கூட்டு வலிக்கு கைரோபிராக்டர் செய்வது பொதுவாக இவை: சாக்ரோஇலியாக் மூட்டிலோ அடி முதுகிலோ வேகமாக, சிறிய அளவில் ஒரு தள்ளு, இடுப்பு மூட்டை இழுத்தும் அசைத்தும் இளக்குவது, இறுகிய தசைகளை அழுத்தி விடுவது, சில இடங்களில் மேசையின் ஒரு பகுதி சட்டென்று இறங்கும்படியான மென்மையான முறை. அந்தத் தள்ளின்போது கேட்கும் 'டக்' சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புள்ளது. எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தமல்ல.

'உங்கள் இடுப்பு விலகியிருக்கிறது, ஒரு கால் குட்டையாகிவிட்டது, சரிசெய்துவிட்டேன்' என்று கேட்டிருப்பீர்கள். சாக்ரோஇலியாக் மூட்டு அசைவதே சில டிகிரிதான், நகர்வது ஓரிரு மில்லிமீட்டர்தான். 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், 10 நோயாளிகளின் எலும்பில் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மிகத் துல்லியமாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கையால் தொட்டுச் சோதித்தவர்களுக்கு மூட்டு சரியாகிவிட்டதாகத் தோன்றியது. படத்தில் எலும்பின் இடம் மாறவே இல்லை. ஆனாலும் தள்ளியபின் பலருக்கு வலி குறைவது உண்மை. மூட்டைச் சுற்றியுள்ள நரம்புகளும் தசைகளும் கொஞ்ச நேரம் தளர்வதும், வலி உணரும் அளவு மாறுவதும்தான் அதற்கான விளக்கம். அந்தத் தளர்ந்த நேரம் சில மணியோ சில நாளோ இருக்கும். அதற்குள் பயிற்சியைத் தொடங்கினால் லாபம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால், அடுத்த சந்திப்புவரை தாக்குப்பிடித்ததோடு சரி.

ஆய்வுகளைப் பார்ப்போம். கைரோபிராக்டர்கள் அதிகம் செய்யும் முதுகெலும்புத் தள்ளுமுறைக்கு வலுவான சான்று இருப்பது அடி முதுகு வலிக்கு. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு மதிப்பீடு, நாள்பட்ட அடி முதுகு வலியில் அது மற்றப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஈடானது என்று சொன்னது. மேலானது என்று சொல்லவில்லை, கீழானது என்றும் சொல்லவில்லை. முதுகோடு சேர்ந்த பின்இடுப்பு வலிக்கு இதை ஓரளவு நீட்டிக்கொள்ளலாம். தொடை இடுக்கு வலிக்கு என்று பார்த்தால் கையில் இருப்பவை பெரும்பாலும் தனி நோயாளிகள் பற்றிய குறிப்புகளும் சிறு ஆய்வுகளும்தான்.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் கதை இரண்டு பக்கமும் போகிறது. நெதர்லாந்தில் 109 பேரிடம் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மூட்டை இழுத்து இளக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் ஐந்து வாரத்தில் முன்னேறினார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களில் 50 சதவீதம். ஆனால் ஆஸ்திரேலியாவில் 102 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், கை சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்த திட்டம், இயக்காமல் வைத்த கருவியைக் கொண்டு செய்த போலி சிகிச்சையைவிடச் சிறப்பாக எதையும் சாதிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சில வாரம் முயன்று பார்க்கலாம், பலனில்லையென்றால் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பதே என் முடிவு.

கெடுதல் பக்கம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரிரு நாள் வலியும் அசதியும் இருக்கும், தானே போய்விடும். பெரிய பாதிப்புகள் அரிது. ஆனால் எலும்பு பலவீனமாகும் நோய் முற்றியவர், எலும்பில் புற்றுநோய் பரவியவர், முதுகெலும்பு அழற்சியால் இறுகிப்போனவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் ஆகியோர் வேகமான தள்ளுமுறைக்குச் சம்மதிக்கக் கூடாது. இன்னொன்று, இடுப்பு வலிக்குப் போன இடத்தில் கழுத்தையும் திருப்ப வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவான நிகழ்வுகள் அரிதானாலும், இடுப்பு வலிக்காக அந்த அபாயத்தை ஏற்க எந்த அவசியமும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இந்தப் பிரிவில்தான் அதிகம். ஒரு சந்திப்புக் கட்டணம் சின்னதாகத் தெரியும். முதல் நாளே முப்பது, நாற்பது சந்திப்புகளுக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள், 'தள்ளுபடி' என்பார்கள். வலி போனபின்னும் 'பராமரிப்பு' என்று மாதம் ஒருமுறை வரச்சொல்வார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் முழு முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கும் இடங்களும் உண்டு. இடுப்புப் பகுதி எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு படுவது இனப்பெருக்க உறுப்புகளில் என்பதை மறக்கக் கூடாது. காரணம் இல்லாமல் எடுக்க விடாதீர்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், நல்ல கைரோபிராக்டரை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் அரை மணி நேரம் உங்கள் காலைத் திருப்பிப் பார்ப்பார், கேள்வி கேட்பார், குடலிறக்கம் இருக்கும்போல, மருத்துவரைப் பாருங்கள் என்று பணம் வாங்காமல் அனுப்புவார். பயிற்சி சொல்லித்தருவார். நான்கு முதல் ஆறு முறைக்குள் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று அவரே சொல்வார். சில நாடுகளில் கைரோபிராக்டர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். வேறு பல நாடுகளில் அப்படிச் சட்டமே இல்லை, குறுகிய காலப் பயிற்சி பெற்றவரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று கேட்பதில் தவறே இல்லை.

## பயிற்சி சார்ந்த பிசியோதெரபி

தொடை இடுக்கு வலிக்கு இதுதான் பலமான தேர்வு. 1999-ல் வெளியான டென்மார்க் ஆய்வு இதில் திருப்புமுனை. உள்தொடைத் தசை வலி நாள்பட்டுப்போன 68 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. மற்றதற்கு மசாஜ், நீட்டல், லேசர், மின்தூண்டல். வலியில்லாமல் பழைய அளவில் விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 23 பேர், இரண்டாவதில் வெறும் 4 பேர்.

அந்த 4 என்ற எண் கைரோபிராக்டருக்கு மட்டும் எதிரானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பிசியோதெரபி நிலையங்களுக்கும் சேர்த்துத்தான். படுக்க வைத்து, கருவியை மாட்டிவிட்டு, இருபது நிமிடம் கழித்து வந்து எடுக்கிற பிசியோவும் அந்த இரண்டாவது பிரிவில்தான் சேர்த்தி. பெயர்ப்பலகையில் பிசியோதெரபி என்று இருந்தால் மட்டும் போதாது, உங்களை வேலை வாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும்.

வராமல் தடுக்கவும் பயிற்சி உதவுகிறது. கோப்பன்ஹேகன் பயிற்சி என்று ஒன்று. பக்கவாட்டில் படுத்து, மேல் காலைத் துணைக்கு ஒருவர் பிடித்துக்கொள்ள, உள்தொடைத் தசையின் பலத்தால் உடலை மேலே தூக்குவது. நார்வே கால்பந்து அணிகளில் இதைப் பழக்கியபோது தொடை இடுக்குத் தொந்தரவு வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. எந்தக் கருவியும் வேண்டாத பயிற்சி அது.

பிரசவத்தையொட்டிய இடுப்பு வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. பிரசவத்துக்குப் பின்னும் வலி நீடித்த 81 பெண்களிடம் நார்வேயில் நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பைத் தாங்கும் தசைகளுக்காக ஒவ்வொருவருக்கும் ஏற்ப அமைத்த பயிற்சியை 20 வாரம் செய்தவர்கள், அது இல்லாத பிசியோதெரபி பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் இருந்தது. கர்ப்பகாலத்தில் இடுப்புப் பட்டையும், புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொள்வதும் கைகொடுக்கும். கர்ப்பிணிகளுக்கென்று சில கைரோபிராக்டர்கள் செய்யும் மென்மையான முறையால் வலி தணிந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அதை மகப்பேறு மருத்துவருக்குத் தெரியப்படுத்திவிட்டு முயலலாம். ஆனால் அதனால் குழந்தையின் தலை திரும்பும் என்ற வாக்குறுதியை நம்பிப் போகக் கூடாது.

இந்தத் தேர்வின் விலை பொறுமை. எட்டு முதல் பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள். முதல் இரண்டு வாரத்தில் வலி கொஞ்சம் கூடியதுபோலக்கூட இருக்கும். பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

## இடுப்புத்தள பிசியோதெரபி

இது ஒரு தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை. பொதுவான பிசியோவும் கைரோபிராக்டரும் வெளியிலிருந்து தொட முடியாத தசைகள் இவை. உள்பரிசோதனை தேவைப்படும் என்பதால் பலர் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறார்கள். ஆண்களில் இன்னொரு சுற்றுவழி: புராஸ்டேட் வீக்கம் என்று முடிவுகட்டி, கிருமியே இல்லாதபோதும் ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது. புராஸ்டேட் அழற்சி என்று பெயர் வைக்கப்படுபவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கிருமித்தொற்று இல்லாத நாள்பட்ட இடுப்பு வலிதான்.

வலிமிகுந்த சிறுநீர்ப்பைக் கோளாறோடு இடுப்புத்தளத் தசை வலியும் இருந்த 81 பெண்களிடம் நடத்தி 2012-ல் வெளிவந்த ஆய்வில், இந்தத் தசைகளைக் குறிப்பாக இளக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். உடல் முழுவதும் பொதுவான மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம்.

ஓர் எச்சரிக்கை. இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பழகும் கெகல் பயிற்சி எல்லாருக்கும் நல்லது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தசை ஏற்கெனவே இறுகி வலிக்கிறவருக்கு மேலும் இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டிவிடலாம். முதலில் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

## மருத்துவர்: ஊசியும் அறுவை சிகிச்சையும்

மூட்டுக்குள் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் போடும் ஊசிக்கு இரட்டைப் பயன். ஊசி போட்ட சில மணி நேரத்தில் வலி மறைந்தால், வலி அந்த மூட்டிலிருந்துதான் வந்தது என்று தெரிந்துவிடும். பிறகு ஸ்டீராய்டின் பலன் சில வாரமோ சில மாதமோ நிற்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாதவருக்கு ஊசியும் நெட்டி முறிப்பும் ஒன்றுதான்.

இடுப்பு மூட்டின் எலும்புகள் ஒன்றோடொன்று இடிக்கும் நிலைக்கு நுண்துளை அறுவை செய்வதா, பயிற்சியா என்று பிரிட்டனில் 348 பேரிடம் சோதித்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டில் இரு தரப்புமே முன்னேறியிருந்தார்கள். நூறு புள்ளி அளவுகோலில் அறுவை செய்துகொண்டவர்கள் 6.8 புள்ளி கூடுதலாக முன்னேறினார்கள். உண்மையான வித்தியாசம்தான், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துபார்த்துவிட்டு அறுவை பற்றி யோசிப்பதில் நஷ்டம் குறைவு.

குடலிறக்கத்தை எந்தக் கைச் சிகிச்சையும் மூடாது. தொந்தரவு தராத குடலிறக்கமுள்ள ஆண்கள் மருத்துவர் மேற்பார்வையில் காத்திருக்கலாம். 720 ஆண்களிடம் நடத்திய ஆய்வில், காத்திருந்த பிரிவினருக்கு அவசர அடைப்பு அரிதாகவே வந்தது. பெண்களுக்கு அப்படிக் காத்திருக்கச் சொல்வதில்லை. அவர்களுக்கு அருகிலேயே வரும் தொடைக் குடலிறக்கம் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

## ஒரே பார்வையில்

| தேர்வு | எந்த வலிக்குப் பொருத்தம் | எதற்குப் பொருந்தாது | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| காத்திருப்பு | புதிதாகப் பிடித்த லேசான தசை | ஆறு வாரம் தாண்டியது, நொண்டல் | பலமிழப்பு, மறுபடி காயம் |
| கைரோபிராக்டிக் | முதுகோடு சேர்ந்த பின்இடுப்பு வலி, விறைத்த இடுப்பு மூட்டு | குடலிறக்கம், நுண்முறிவு, எலும்பு பலவீனம், மூட்டு அழற்சி நோய் | நீண்ட முன்பணத் திட்டம், தேவையற்ற எக்ஸ்ரே |
| பயிற்சி பிசியோ | உள்தொடைத் தசை, பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்பு, மூட்டு இடிப்பு | அவசர நிலைகள் | இரண்டு மூன்று மாத உழைப்பு |
| இடுப்புத்தள பிசியோ | எரிச்சல், உறவில் வலி, சிறுநீர்த் தொந்தரவோடு வரும் வலி | சிகிச்சை தொடங்காத கிருமித்தொற்று | தேர்ந்தவர் கிடைப்பது அரிது |
| ஊசி, அறுவை | காரணம் உறுதியான மூட்டு நோய், குடலிறக்கம் | ஸ்கேனில் மட்டும் தெரியும் குறை | குணமாகும் காலம், அறுவைக்குப் பின்னும் நீடிக்கும் வலி |

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால்

பின்இடுப்பு வலி, அபாய அறிகுறி ஒன்றும் இல்லை, சந்திப்பு சீக்கிரம் கிடைப்பது கைரோபிராக்டரிடம்தான் என்றால் அங்கேயே போங்கள், தவறில்லை. ஆனால் ஆறு சந்திப்புக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். முதல் நாளே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, இரவில் புரளும்போது எத்தனை முறை விழிப்பு வருகிறது, இப்படி ஏதாவது ஒன்று. ஆறாவது சந்திப்பில் அது மாறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தொடை இடுக்கின் முன்பக்க வலி, விளையாடுகிறவர், உள்தொடையை அழுத்தினால் வலி என்றால் பயிற்சி தரும் பிசியோவிடம் நேராகப் போங்கள். இடையில் நெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாராளமாகத் தாண்டிவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர், காலுறை போட முடியவில்லை, காலை நேர விறைப்பு கொஞ்ச நேரமே என்றால் மருத்துவரிடம் ஓர் எக்ஸ்ரே எடுத்து மூட்டுத் தேய்மானம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, பிறகு கைச் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்கலாம்.

இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுப்பதாக இருந்தால் ஒருவர் செய்வதை மற்றவருக்குச் சொல்லிவிடுங்கள். காலையில் பிசியோ பாரம் தூக்க வைத்து, மாலையில் கைரோபிராக்டர் அதே தசையை அழுத்தி விட்டால், மறுநாள் கூடும் வலிக்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் சந்திப்பில் யாரிடம் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் வலி எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள், எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் இரண்டாவது சந்திப்புக்கு நேரம் வாங்க வேண்டாம்.